மரண அறிவித்தல் பக்கத்தில் ஒரு திருத்தம்

பார்க்-எக்ஸ், மொன்றியல்
14 ஜனவரி 2008

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடதாசியில் எழுதுகிறேன் என்று சிரிக்காதீர்கள். இன்ரநெற்றும் அரசியலும் என்று முதுகலை ஆய்வு செய்கிற ஒருத்தி முத்திரை ஒட்டிக் கடிதம் போடுவதற்குக் காரணமே நீங்கள்தான். போன மாதம் நான் கோபத்தில் எழுதிய மின்னஞ்சலைப் பெயரை மட்டும் வெட்டிவிட்டு, ‘மொன்றியலிலிருந்து ஒரு வாசகி’ என்று உங்கள் ‘கடலோசை’ தளத்தில் போட்டீர்கள். கீழே ஒரு பட்டாளமே வந்து என்னை ஏசிவிட்டுப் போனது. அதில் இரண்டு பேர் எங்கள் சொந்தக்காரர். ஏசுகிற விதத்திலேயே ஆளைத் தெரிகிறது. தொலைபேசியில் என் இலக்கத்தைக் கண்டால் நீங்கள் எடுப்பதில்லை. ஆகவே இது. இதையும் தளத்தில் போடுவதென்றால் உட்கார்ந்து முழுவதையும் தட்டச்சு செய்ய வேண்டும். உங்கள் சோம்பல் எனக்குப் பாதுகாப்பு.

வலன்ரைன் அங்கிளைப் பற்றித்தான் எழுதுகிறேன். நாங்கள் மன்னாரிலிருந்து வந்து இறங்கிய அன்று விமான நிலையத்துக்குத் தன் வான் வண்டியோடு வந்த அதே வலன்ரைன் அங்கிள். உங்களுக்கு முதல் குளிர் கோட் தந்தவர். டிசம்பரில் தமிழ்ப் பூசை முடிந்து சனம் வெளியே வர, ஒரு பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்காரர் ஊர் யுத்தத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டார். அங்கிள் கன நேரம் கதைத்தார். அரசாங்கம் குண்டு போடுவதைச் சொன்னார், மடுக் கோயிலடியில் மரத்துக்குக் கீழே கிடக்கிற சனத்தைச் சொன்னார். கடைசியாக, எங்கள் பிள்ளைகளை எங்கள் ஆட்களும் இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போகக்கூடாது என்றார். தொலைக்காட்சியில் வந்தது அந்தக் கடைசி வசனம் மட்டும். நீங்கள் அதை எடுத்து, ‘மொன்றியலில் விலைபோன குரல்’ என்று தலைப்புப் போட்டீர்கள். இலங்கைத் தூதரகத்தில் காசு வாங்கியவர் என்றும் எழுதினீர்கள். அது யார் சொன்னது அண்ணா?

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். அவர் நடத்துகிற கோயில் பாட்டுக்குழுவில் அவரையும் அவருடைய கீபோட்டையும் தவிர ஒருவரும் இல்லை. புவாண்ட்-கிளேர் களஞ்சிய வேலைக்கு அவருடைய வானில் ஏறிப் போன ஆட்கள் இப்போது இந்தக் குளிரில் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். அவர் வெறும் வானோடு அவர்களைக் கடந்து போகிறார். மொன்றியலில் எந்தக் கத்தோலிக்கச் செத்த வீட்டிலும் செபமாலை சொல்லிப் பாட்டு எடுப்பவர் அவர்தான். இப்போது ஒருவரும் கூப்பிடுவதில்லை.

இன்னொன்று. நீங்கள் போட்ட படத்தில் அவருடைய தோளுக்குப் பின்னால் நாவல் நிறத்தில் ஏதோ தெரிகிறதே, அது அம்மாவின் சால்வை. அம்மா பக்கத்தில் நின்றவர். படத்தில் அம்மாவை வெட்டியிருக்கிறீர்கள், யாரை வெட்டுகிறேன் என்று பார்க்காமலே. அம்மாவுக்கு ஒரு போன் எடுத்திருந்தால் போதும்.

பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலம் வருகிறது. அவர் இல்லாமல் இங்கே இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாட ஆளில்லை. அதற்கு முன் செய்தி தவறு என்று தளத்தில் போடுங்கள். நான் கெஞ்சவில்லை, கேட்கிறேன்.

உங்கள் தங்கை,
அனோஜினி


ஸ்காபரோ
22 ஜனவரி 2008

பேராசிரியை அனோஜினி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் மோசமாகத்தான் இருக்கிறது.

நான் இல்லாததை எழுதவில்லை. அந்த வசனம் அவருடைய வாயிலிருந்து வந்தது, நீயே ஒத்துக்கொள்கிறாய். நாலு தளங்கள் அதே செய்தியைப் போட்டன. லண்டன் வானொலியிலும் சொன்னார்கள். எல்லோரும் சேர்ந்து பொய் சொல்கிறார்களா?

நீ டவுன்டவுனில் கோப்பிக் கடையில் இருந்து ஊடக தர்மம் பற்றி எழுதலாம். நான் காலையில் வேலைக்குப் போக முன்னம், வன்னியிலிருந்து வருகிற படங்களில் எதைப் போடலாம் எதைப் போடக்கூடாது என்று பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குகிறேன். போன வருசம் எங்கள் பக்கத்தில் குண்டு விழுந்தபோது உன்னுடைய கனேடியப் பத்திரிகைகள் எத்தனை வரி போட்டன? நான் போட்டேன். இந்த நேரத்தில் ‘நாங்கள் தவறாக எழுதினோம்’ என்று ஒரு வரி போட்டால், நாளைக்கு நான் எழுதுகிற ஒவ்வொரு சாவுக்கும் அந்த வரியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இதையும் உன் ஆய்வில் சேர்த்துக்கொள்.

ஆய்வு என்றதும் ஞாபகம் வருகிறது. எத்தனை பேர் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்று நீ எண்ணுவதற்கு என் தளத்தின் கடவுச்சொல்லைத் தந்தவன் நான். அதை மாற்ற எனக்கு ஒரு நிமிடம் போதும்.

கோட் கதையை எழுதியிருக்கத் தேவையில்லை.

அம்மாவின் முழங்கால் எப்படி?

றெக்ஸ்


பார்க்-எக்ஸ்
29 ஜனவரி 2008

அன்புள்ள அண்ணா,

கடவுச்சொல்லை மாற்றுங்கள். எனக்கு வேண்டியதை எல்லாம் எண்ணி முடித்துவிட்டேன்.

உங்கள் நாலு தளங்களையும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். நாலிலும் அதே படம். நாலிலும் ஓரத்தில் அம்மாவின் சால்வை, நீங்கள் வெட்டிய அதே அளவில். ஒருவரும் தொலைக்காட்சியிலிருந்து எடுக்கவில்லை, உங்களிடமிருந்து எடுத்திருக்கிறார்கள். லண்டன் அறிவிப்பாளர் உங்கள் வசனத்தை அப்படியே வாசித்தார். அடுத்த நாள் நீங்கள், ‘லண்டன் வானொலியும் உறுதிப்படுத்தியுள்ளது’ என்று எழுதினீர்கள். நீங்கள் சொன்னதை அவர் சொல்ல, அவர் சொன்னதால் நீங்கள் சொன்னது உண்மையாகிவிட்டது. இதை என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு விளக்கினேன். மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் இந்தப் படிப்பைத் தொடங்கும்போது, இன்ரநெற் வந்ததும் வாய் இல்லாதவனுக்கும் வாய் வந்துவிட்டது என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். உங்கள் தளம் இல்லாவிட்டால் எங்கள் சாவுகள் ஒரு மூலைச் செய்தியாகக்கூட வந்திராது. அதில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, பழைய பத்திரிகைகளைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆனால் வாய் வந்ததோடு காதும் வந்திருக்க வேண்டும். ஒரு பொய்யைத் திருத்தினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும் என்று பயப்படுகிறீர்கள். திருத்துகிறவன் சொல்வதைத்தான் அண்ணா நாளைக்கும் நம்புவார்கள். உங்களுக்கு எதிராக இதை எழுதவில்லை. நீங்கள் எழுதுகிற சாவுகளை உலகம் நம்ப வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அவன் ஆரிட்டையும் கேட்டவனாமோ? நான் பக்கத்தில நிண்டனான். வலன்ரைன் என்ன கதைச்சவன் எண்டு எனக்குத் தெரியாதே? பெத்த தாயிட்ட ஒரு சொல்லுக் கேக்கேலாதவன் என்ன பேப்பர் நடத்திறான்?” என்றார். முழங்காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நோகிறது, நான் சொல்கிறேன்.

கோட் கதையை எழுதியது எழுதியதுதான்.

அனோ


ஸ்காபரோ
9 பெப்ரவரி 2008

அனோ,

அம்மா போன் எடுத்தார். நான் ‘ஹலோ’ சொல்லி முடிய முன்னம், அந்த மனுசன் சொன்னது முழுவதையும் ஒரு சொல் விடாமல் சொன்னார். பிறகு வைத்துவிட்டார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. அம்மா என்னை அப்படிக் கேட்காமல் விட்டது இதுதான் முதல் தடவை.

செய்தியை நீக்கிவிட்டேன். இப்போது தேடினாலும் கிடைக்காது. உனக்குத் திருப்திதானே.

இதோடு விடு.

றெக்ஸ்


பார்க்-எக்ஸ்
18 பெப்ரவரி 2008

அன்புள்ள அண்ணா,

திருப்தி இல்லை. நீங்கள் சத்தம் போடாமல் நீக்கியதால் நிலைமை இன்னும் பழுதாகிவிட்டது. நேற்று எங்கள் தெரு முனை டெப்பனர் கடையில் பால் வாங்கப் போனேன். இரண்டு பேர் நின்று கதைக்கிறார்கள்: “பாத்தியே, கடலோசைக்காரனே பயந்து எடுத்திட்டான். எம்பசியால போன் போயிருக்கு.” பாருங்கள், அங்கிள் இப்போது காசு வாங்கியவர் மட்டுமில்லை, உங்களையே மிரட்டக்கூடிய பெரிய ஆள். அவர் வானுக்குப் புது டயர் போடக் காசில்லாமல் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

போன கிழமை கிறிஸ்தோப்பர் அண்ணையின் தகப்பன் காலமானார். உடலைப் பார்வைக்கு வைத்த இடத்தில் செபமாலை சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. சீடியில் பாட்டுப் போட்டார்கள். அது பாதியில் சிக்கிக்கொண்டு ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடியது. சனம் தலையைக் குனிந்துகொண்டு இருந்தது. நானும் அம்மாவும் வெளியே வந்தால், கார்கள் நிற்கிற இடத்தில் அங்கிள் தன் வானுக்குள் இருக்கிறார். கோட், கழுத்துப்பட்டி எல்லாம் போட்டு, மடியில் பாட்டுப் புத்தகம். “உள்ளுக்கு வாங்கோவன்” என்று அம்மா கேட்டதற்கு, “வேண்டாம் அக்கா, செத்த வீட்டில என்னால ஒரு குழப்பம் வேண்டாம். இஞ்சையிருந்தே சொல்லிப்போட்டுப் போறன்” என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அந்த ஆத்திரம் உங்கள்மேல்தான்.

ஆகவே திருத்தம் வரத்தான் வேண்டும். எங்கே போடுவதென்பதை என்னிடம் விடுங்கள், இதில் நான் கெட்டிக்காரி. உங்கள் தளத்தில் சனம் என்ன பார்க்கிறது என்று ஒரு வருசமாக எண்ணியிருக்கிறேன். உங்கள் ஆசிரியர் தலையங்கத்தை நீங்களும் நானும் இன்னும் கொஞ்சப் பேரும் வாசிக்கிறோம். பெரும்பாலான சனம் நேரே மரண அறிவித்தல் பக்கத்துக்குப் போகிறது, பார்க்கிறது, வெளியே வருகிறது. காலையில் தேத்தண்ணியோடு அதுதான். உங்களுக்கு ஆதரவானவன், எதிரானவன், அரசியலே வேண்டாம் என்பவன் எல்லோரும் ஒன்றாகக் கூடுகிற ஒரே இடம் அது. ஊரிலும் அப்படித்தானே, பகைகாரனும் வருகிற இடம் செத்த வீடு மட்டும்தான். என் ஆய்வில் இதுவே ஒரு முழு அத்தியாயம்.

அந்தப் பக்கத்தில் போடுங்கள். அங்கிளின் படத்தோடு, எல்லாவற்றுக்கும் மேலே. செய்திப் பக்கத்தில் போட்டால் ஒருவரும் காணமாட்டார்கள். இங்கே போட்டால் மொன்றியலே காணும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்பார்ப்புடன்,
அனோஜினி


ஸ்காபரோ
26 பெப்ரவரி 2008

அனோ,

வானுக்குள் இருந்து செபமாலை சொன்ன கதையை நீ எழுதாமல் விட்டிருந்தால் நான் இன்னும் கொஞ்ச நாள் பிடிவாதமாக இருந்திருப்பேன்.

‘வருந்துகிறோம்’ என்று எழுதினேன், வழக்கமான சாட்டாகப் பட்டது. ‘தவறுதலாக’ என்று எழுதினேன், கை வழுக்கியது போல இருந்தது. கடைசியில், ‘விசாரிக்காமல் எழுதினோம், அது பொய்’ என்றே எழுதிவிட்டேன். இரண்டாயிரம் செய்திகள் எழுதிய எனக்கு இந்த நாலு வரி எழுத நாலு நாள் பிடித்தது. என்னோடு தளம் நடத்துகிற பெடியன்கள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். போகட்டும்.

ஞாயிறு காலை வரும், உங்கள் பின்னேரப் பூசைக்கு முன்னம் எல்லோரும் பார்க்கட்டும். நீ சொன்ன அதே பக்கத்தில், நீ சொன்ன மாதிரியே படத்தோடு. சரிவராவிட்டால் உன் அத்தியாயத்தின் பாடு.

றெக்ஸ்


பார்க்-எக்ஸ்
3 மார்ச் 2008

அண்ணா,

என்னுடைய அத்தியாயம் சரி. நான்தான் மொக்கு.

ஞாயிறு காலை எழும்பிப் பார்த்தேன். அங்கிளின் படம், எல்லாவற்றுக்கும் மேலே. நல்லது. படத்தைச் சுற்றிக் கறுப்புக் கரை. மூலையில் சிலுவையும் எரிகிற மெழுகுதிரியும். கீழே தடித்த எழுத்தில், ‘மன்னாரைப் பிறப்பிடமாகவும் மொன்றியலை வதிவிடமாகவும் கொண்ட திரு. வலன்ரைன் அவர்கள்…’ அதற்குப் பிறகு சின்ன எழுத்தில் நீங்கள் நாலு நாள் இருந்து எழுதிய நாலு வரி. நல்ல வரிகள் அண்ணா, உண்மையாகவே நல்ல வரிகள். ஆனால் அதுவரை ஒருவரும் போகவில்லை. படத்தைக் கண்டார்கள், கறுப்புக் கரையைக் கண்டார்கள், போனைத் தூக்கிவிட்டார்கள்.

நான் உங்களுக்குப் போன் எடுக்கிறேன், நீங்கள் எடுக்கவில்லை. அதற்குள் அம்மாவுக்கு மூன்று பேர் அழுதுகொண்டு எடுத்துவிட்டார்கள். நானும் அம்மாவும் கோட்டை மாட்டிக்கொண்டு அங்கிள் வீட்டுக்கு ஓடினோம். தெரு முழுக்கக் கார். அங்கிள் வாசலில் நின்று வானைச் சுற்றிப் பனி வழித்துக்கொண்டு நிற்கிறார். கறுப்பு உடுப்போடு சனம் இறங்கி வருவதைப் பார்த்து, சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று அங்கிளின் மனுசி கிறேஸ் அன்ரி உள்ளே போய்க் கதவைப் பூட்டிவிட்டார்.

வானில் போவதை விட்டுப் பஸ்ஸில் போனவர்களில் மகேந்திரராசா அண்ணையும் ஒருவர். அவர் தலையைக் குனிந்தபடி அழுதுகொண்டே வந்து, வாசலில் பனி வழிக்கிறவரிடமே, “எத்தினை மணிக்கு நடந்தது? கடைசியா முகத்தைப் பாத்து ஒரு சொல்லுச் சொல்லேல்லையே, அந்த மனுசன்ர வானில ஏறாமல் விட்டிட்டனே” என்று சொன்னார். அங்கிள் பனிச் சவளை ஊன்றிக்கொண்டு அவரைப் பார்த்தார். “ஏறாட்டி இப்ப ஏறுமன், வான் நிக்குது” என்றார். மகேந்திரராசா அண்ணை ஐயோ என்று கத்திக்கொண்டு பனிக்குள் விழுந்தார்.

பிறகு எல்லோரும் உள்ளே. மூன்று மாதமாக ஒருவரும் மிதிக்காத வீட்டில் கால் வைக்க இடமில்லை. செத்த வீட்டில் அடுப்பு எரியாது என்று பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் சோற்றுப் பார்சலும் கொண்டுவந்திருந்தார்கள். சாப்பிடவும் முடியாமல் திருப்பிக் கொண்டுபோகவும் வெட்கமாக, அவற்றைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். அங்கிள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “செத்தாத்தான் வருவியள் எண்டு தெரிஞ்சிருந்தால் நத்தார்ப் பெருநாளுக்கே செத்திருப்பன்” என்றார். கிறிஸ்தோப்பர் அண்ணை எழும்பி வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

நான் மடிக்கணினியைத் திறந்து உங்கள் நாலு வரியையும் சத்தமாக வாசித்தேன். ‘விசாரிக்காமல் எழுதினோம், அது பொய்’ என்ற இடத்தில் நிறுத்தினார்கள். திரும்பவும் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். பிறகு அம்மா, தான் பக்கத்தில் நின்று கேட்டதை எழும்பி நின்று சொன்னார், முழங்கால் நோவோடு. கடைசியில் அங்கிள், “வந்தது வந்திட்டியள், பசாம் ஒருக்காப் பாடிப் பாத்திட்டுப் போங்கோ, பெரிய வெள்ளிக்கு நாள் இல்லை” என்றார். பாடினார்கள். மூன்று மாதம் பாடாத குரல்கள், ஒன்றும் ஒன்றோடு சேரவில்லை. அவர் திட்டித் திட்டிச் சேர்த்தார். பின்னேரம் எல்லோரும் ஒன்றாகப் பூசைக்குப் போனார்கள்.

மொன்றியலே காணும் என்றேன், கண்டது. வாசிக்கும் என்று நினைத்ததுதான் பிழை. இதை ஆய்வில் எழுதத்தான் போகிறேன், என் பெயரைக் கெடுத்தாலும். ஒன்று மட்டும் என் மண்டைக்குள் நிற்கிறது. அவர் காசு வாங்கினார் என்று வந்தபோது ஒருவரும் அவரிடம் போய்க் கேட்கவில்லை. செத்துப்போனார் என்று வந்ததும் எல்லோரும் நேரில் வந்துவிட்டார்கள். எங்கள் சனத்துக்கு விசாரிக்கத் தெரியாது என்று இனி ஒருவரும் சொல்ல வேண்டாம். தெரியும். எதை விசாரிப்பது என்பதில்தான் கோளாறு.

போனை எடுங்கள் அண்ணா.

அனோ


ஸ்காபரோ
10 மார்ச் 2008

அன்புள்ள அனோ,

கறுப்புக் கரைக்கு நான் பொறுப்பு. அந்தப் பக்கத்துக்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு படச் சட்டம்தான். படத்தை வைத்தால் மெழுகுதிரி தானாகவே வந்துவிடும். பிறப்பிடம், வதிவிடம் எல்லாம் கை பழக்கத்தில் அடித்துவிட்டது. இத்தனை வருசத்தில் உயிரோடு இருக்கிற ஒருவரைப் பற்றி அந்தப் பக்கத்தில் எழுதும் தேவை வரவில்லை.

ஞாயிறு முழுக்க என் போனும் அடித்தது. மூன்று கண்டத்திலிருந்து அனுதாபம். அந்த நாலு தளங்களும் நாலு அஞ்சலி போட்டுவிட்டன, ஒன்றில் கவிதை வேறு. ‘விலைபோனவர்’ என்று போட்டவன்தான் இப்போது ‘சமூகத்தின் தூண்’ என்று எழுதியிருக்கிறான். நாலு பேருக்கும் போன் எடுத்து, ‘மனுசன் இருக்கிறார், அஞ்சலியை எடுங்கோ’ என்று சொல்லவே எனக்கு ஒரு முழு நாள் போய்விட்டது. சொல்லச் சொல்ல, டிசம்பரில் நான் செய்திருக்க வேண்டிய வேலை இதுதான் என்று உறைத்தது. உன் ஆய்வில் என் தளத்தின் பெயரை மறைக்க வேண்டாம். அப்படியே போடு.

கடைசியாக அங்கிளுக்கு எடுத்தேன். இலக்கம் எனக்குப் பாடம், நாங்கள் வந்த புதிதில் அம்மா மனப்பாடம் செய்ய வைத்த இலக்கம். அவரே எடுத்தார்.

“ஆர் மோனை?”

“றெக்ஸ், அங்கிள்.”

“செய்தி எடுக்கவோ எடுத்தனி?” என்றார்.

“இல்லை அங்கிள். இருக்கிறியளோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்.”

சிரித்தார். அந்தப் பழைய சிரிப்புத்தான். பிறகு, “இருக்கிறன் மோனை. இந்தப் போனை மார்கழியிலயே எடுத்திருக்கலாமே” என்றார்.

ஓம் அங்கிள் என்றேன்.

பெரிய வெள்ளிக்கு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல். டவுன்டவுன் பஸ் நிலையத்திலிருந்து மெற்றோவில் வந்துவிடுவேன் என்றுதான் அவரிடமும் சொன்னேன். கேட்டால்தானே. வானோடு வருகிறாராம். வானில் இடமிருக்குமா அங்கிள் என்று கேட்டேன்.

“இப்ப சரியான நெருக்கம்” என்றார். “எண்டாலும் உனக்கு ஒரு இடம் வைக்கிறன்.”

அண்ணா